பெயர் எழுதாத ஜாடிகள்

அத்தியாயம் 11

வானம் காலையிலிருந்தே மூட்டம் போட்டுக்கொண்டு நின்றது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை.

மூக்கண்ணியும் அப்படித்தான் இருந்தாள். உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்து, சமையலறைக்கும் பின்கட்டுக்கும் இடையே நடந்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். மாலை நான்கு மணிக்குக் கடைக்காரம்மா வரப்போகிறாள்.

மூக்கண்ணி என்பது கொழுந்தன் வைத்த பெயர். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மாடிப்படி ஏறும்போதே "கீழ்வீட்டுல பால் பொங்கப் போகுது" என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள் கீழே அடுப்பில் சுர்ரென்று சத்தம் கேட்டது. அன்று முதல் அண்ணி, மூக்கண்ணி ஆனாள். இப்போது அவள் கணவரே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிடுவார்.

அந்த மூக்குதான் இப்போது வேலை செய்யவில்லை. காய்ச்சல் வந்து போனபோது வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்து, புகை கண்ணில் பட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. போனில் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லிச் சமாளித்துவிட்டாள். வீட்டில் யாரிடமும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

சொல்ல வேண்டிய நேரம் இது இல்லை என்று நினைத்தாள். கடைத்தெருவின் முனையில் மூலிகைத் தேநீருக்கென்றே ஒரு கடை திறக்கப் போகிறாள் கடைக்காரம்மா. காய்ச்சலுக்கு முன்பு மூக்கண்ணி காயவைத்த புதினாவை மோந்து பார்த்துவிட்டு அவள் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "எனக்கு இலை மட்டும் போதாதுங்க. வர்ற இலையை மோந்து பார்த்து இது ஆகும், இது ஆகாதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நீங்களே வந்துடுங்க."

சலவைக் கடையில் ஊரார் அழுக்குத் துணிகளை வாங்கி வைக்கும் வேலைதான் மூக்கண்ணி இத்தனை வருடமாகப் பார்த்தது. துணி மூட்டையைப் பிரிக்காமலே அது யாருடையது என்று சொல்லிவிடுவாள். அங்கே அது வேடிக்கை. அதையே வேலையாகக் கேட்டு ஒருத்தர் வந்தது இதுதான் முதல் தடவை.

இன்றைக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

பின்கட்டில் நிற்கும் உலர்த்தும் அலமாரி கொழுந்தன் செய்து கொடுத்தது. அவன் வயரிங் வேலை பார்க்கிறவன். தெருவில் எல்லோருக்கும் வயர்மேன். யாரோ தூக்கிப் போட்ட செருப்பு அலமாரியை எடுத்து வந்து, தட்டுகளைக் கழற்றிவிட்டு கொசுவலை அடித்த சட்டங்களைச் செருகினான். அடியில் வரிசையாகத் துளைகள், ஒரு சின்ன பல்பு. உச்சியில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த விசிறி. பல்பு காற்றை லேசாகச் சூடாக்கும், விசிறி அதை மேலே இழுக்கும், போகிற வழியில் அந்தக் காற்று இலைகளிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும்.

இலையைக் காயவைப்பது சூடு என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் பெரும்பங்கு காற்றுடையது. சூடு அதற்கு ஒரு கைத்துணை, அவ்வளவுதான். சூட்டைக் கூட்டினால் இலை சீக்கிரம் காயும், ஆனால் வெறும் சருகுதான் மிஞ்சும். இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் எண்ணெய் இருக்கிறது. வாசனை என்று நாம் சொல்வது அதைத்தான். தண்ணீரை விரட்டப்போய் நெருப்பை ஏற்றினால், அந்த எண்ணெயும் கூடவே பறந்துவிடும். இந்த மாதிரி மூட்டமான நாளில்தான் சோதனை: காற்றே ஈரமாக இருப்பதால் அது இலையிடம் வாங்கத் தயங்கும். பொறுமை இல்லாதவர்கள் அப்போதுதான் பெரிய பல்பு மாட்டுவார்கள்.

எப்போது எடுக்க வேண்டும் என்பதை மூக்கண்ணி இதுவரை மூக்கால்தான் முடிவு செய்தாள். கதவைத் திறந்ததும் வருகிற வாடையில் பச்சை நெடி போய், வாசனை அடங்கிக் கூர்மையாகும் ஒரு கட்டம் உண்டு. அந்த நேரத்தில் எடுப்பாள். இப்போது கதவைத் திறந்தால் வெறும் காற்றுதான் முகத்தில் அடித்தது.

நேற்று மேல்தட்டில் புதினாவும் கீழ்த்தட்டில் துளசியும் பரப்பியிருந்தாள். இன்று காலையில் அவற்றைச் சத்தத்தை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தாள். இலையின் நடு நரம்புதான் கடைசியாகக் காயும். மடக்கினால் அது வளையக் கூடாது, டப்பென்று முறிய வேண்டும். அந்தச் சத்தத்துக்கு மூக்கு வேண்டாம்.

ஆனால் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கொஞ்ச நாளாக வீட்டில் கேட்காத வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் பிடித்து வைத்தார், பாத்திரம் கவிழ்த்தார், செடிக்கு ஊற்றினார். எதற்கு என்று மூக்கண்ணிக்குப் புரியவில்லை. இன்று இரண்டு தட்டு இலையையும் எடுத்து, ஜாடியில் அடங்கவில்லை என்று உள்ளங்கையில் போட்டுக் கசக்கி நொறுக்கி, இரண்டு கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, மூடியையும் இறுக்கித் திருகி, மேஜை மேல் வைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

மூக்கண்ணி ஜாடிகளைப் பார்த்தாள். இலையைக் கசக்கினால் எண்ணெய்ப் பைகள் உடைந்துவிடும். அதனால் முழு இலையாகப் போட்டு, வேண்டும்போதுதான் கசக்குவது அவள் வழக்கம். அது போகட்டும். முழு இலையாக இருந்தால் உருவத்தை வைத்தாவது கண்டுபிடித்திருப்பாள்.

"எதுல எதைப் போட்டீங்க?"

"மேல்தட்டு ஒண்ணுல, கீழ்த்தட்டு ஒண்ணுல. கலக்கவே இல்ல."

"மேல்தட்டு எது?"

அவர் சிரித்தார். "இதை என்கிட்ட கேக்கறியா?"

அந்த வீட்டில் ஜாடிகளுக்குப் பெயர் ஒட்டும் வழக்கமே கிடையாது. சின்னவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருமுறை ஒட்டிப் பார்த்தாள். சின்னவள் என்றால் வயர்மேனின் மனைவி, மூக்கண்ணியின் ஓரகத்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். அங்கே ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டிப் பழக்கம். ஆசையாக எல்லா ஜாடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்ததை மூக்கண்ணி ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தாள். "இது என்ன மருந்துக்கடையா? பேர் எழுதினாத்தான் தெரியும்னா அந்த இலை காஞ்சே பிரயோஜனமில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஜன்னல் வெளிச்சத்தில் ஜாடிகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்று சற்றுக் கறுத்திருந்தது. துளசிதான் கறுக்கும். ஆனால் பல்பு கீழே இருப்பதால் கீழ்த்தட்டு எதுவானாலும் ஒரு சாயல் கறுக்கும். அத்தோடு மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் நடுவில் ஒருமுறை மாற்றி வைக்கச் சொல்லி அவளே வயர்மேனிடம் சொல்லியிருந்தாள். அவன் மாற்றினானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? நிறத்தை நம்புவதற்கில்லை.

மூக்கு உள்ள எவரும் மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்டால் போதும். ஆனால் கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமல் கேட்க வேண்டும்.

முதலில் கணவரிடம் போனாள். ஒரு ஜாடியைத் திறந்து நீட்டி, எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாள்.

"நல்லா இருக்கு."

இன்னொன்றை நீட்டினாள்.

"இதுவும் நல்லா இருக்கு."

"என்ன மாதிரி நல்லா இருக்கு?"

அவர் பரீட்சை எழுத வந்தவர் போல அவள் முகத்தைப் பார்த்தார். "நீ என்ன மாதிரின்னு சொல்றியோ அந்த மாதிரி."

அடுத்து வயர்மேன். விசிறியில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று ஸ்குரூ டிரைவரோடு அலமாரிக்குள் தலையை விட்டிருந்தான். தட்டை மாற்றி வைத்தானா என்று கேட்டதற்கு, வைத்த மாதிரியும் இருக்கிறது, நினைத்துவிட்டு வைக்காமல் விட்ட மாதிரியும் இருக்கிறது என்றான். ஜாடியை அவன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"கமகமன்னு இருக்கு மூக்கண்ணி."

"கமகமன்னா?"

"கமகமன்னாத்தான்." இன்னொரு தடவை இழுத்து மோந்தான். "நல்ல இலை வாசனை."

இருபது வருடமாக இந்த வீட்டில் யாரும் ஒரு வாசனைக்குப் பெயர் சொன்னதில்லை என்பது மூக்கண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்ல அவள் விட்டதில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து அவளே மோந்தாள், அவளே பெயர் வைத்தாள். அவர்கள் 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லப் பழகிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது சின்னவள்.

கண்ணாடிக் கடை மூடிய பிறகு அவள் வீட்டோடுதான் இருந்தாள். வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களிலிருந்து பதில் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீட்டைப் பெருக்கினாள். இன்றும் கூடத்தில் அலமாரித் துணிகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டு மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

மூக்கண்ணி ஜாடியைத் திறந்து நீட்டினாள். சின்னவள் துணியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மோந்தாள். ஒரு தரம் விலகி மூச்சை வெளியே விட்டுவிட்டு மறுபடி மோந்தாள். மற்ற இருவரும் இப்படிச் செய்யவில்லை.

"என்னம்மா, எப்படி?"

"நீங்களே சொல்லுங்கக்கா."

"நீ சொல்லேன், பார்ப்போம்."

"நான் சொல்லி என்ன ஆகப்போகுது. அன்னிக்கு ஓமவல்லி ஜாடில துளசி வாசனை வருதுன்னு சொன்னேன். ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க." ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மடிப்பைத் தொடர்ந்தாள்.

மூக்கண்ணிக்குச் சுருக்கென்றது. ஜாடியை மூடிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள்.

மதியச் சாப்பாடு யாருக்கும் சரியாக இறங்கவில்லை. மூக்கண்ணிக்கு இப்போதெல்லாம் எதைச் சாப்பிட்டாலும் உப்பு, புளிப்பு, காரம் இவற்றோடு முடிந்துவிடும். அதற்கு மேல் சாப்பாட்டில் என்னென்ன இருந்தன என்று இப்போது யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கணவர் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று மூன்று தடவை சொன்னார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலை அடக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் அடக்கிக்கொண்டதைப் பார்த்து அவர் முகம் இன்னும் வாடியது.

சமையலறையில் யாரும் இல்லை. இரண்டு ஜாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டாள். வைக்கோல். இரண்டாவதிலிருந்து ஒரு சிட்டிகை. அதுவும் வைக்கோல்தான்.

பெருமூச்சு விட்டு, வாய் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தாள். நாக்கின் நடுவில் ஏதோ ஜில்லென்றது.

அசையாமல் நின்றாள். மறுபடி இழுத்தாள். மறுபடி ஜில்லென்றது. ஐஸ் கட்டி வைத்து எடுத்தது போல.

அவள் வளர்ப்பது தண்டு சிவந்த, கடுமையான புதினா. அதற்குள் இருக்கும் ஒரு பொருள் நாக்கையும் அண்ணத்தையும் ஏமாற்றும். இல்லாத குளிரை இருப்பதாகச் சொல்ல வைக்கும். அந்தக் குளிர் வாசனையில் சேர்த்தி இல்லை. பனிக்கட்டியைத் தொட்டால் குளிர்கிறது என்று சொல்கிற நரம்புதான் இதையும் சொல்கிறது. மூக்கு கதவைச் சாத்திக்கொண்டாலும் அந்த வழி திறந்தே இருந்தது. துளசியிடம் அந்த வித்தை இல்லை.

வாயைக் கொப்பளித்து, ஜாடியை மாற்றி, இன்னொரு முறை சோதித்தாள். இரண்டாவது ஜாடிதான் புதினா. சந்தேகமே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை நாளில் ஒரு இலை அவளிடம் முதல் தடவையாகப் பேசியிருக்கிறது.

இன்னும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டபோது வாசலில் நிழல் தெரிந்தது. சின்னவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பசிக்குதாக்கா?" என்றாள்.

"ருசி பார்த்தேன்."

சின்னவளின் பார்வை ஜாடிக்குப் போய், மூக்கண்ணியின் முகத்துக்கு வந்து, மறுபடி ஜாடிக்குப் போனது. "நீங்க மோந்துதானே பார்ப்பீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டம்ளர்களைக் கழுவப் போனாள்.

கடைக்காரம்மா சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிட்டாள். பருத்த உடம்பு, சுறுசுறுப்பான கண்கள், தோளில் ஒரு பெரிய துணிப்பை. வந்ததும் பின்கட்டுக்குப் போய் அலமாரியைப் பார்த்தாள். செருப்பு அலமாரி என்று தெரிந்ததும் சிரித்தாள். வயர்மேன் விசிறியைப் போட்டுக் காட்டினான். மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும் மூக்கண்ணி ஜாடிகளை அவள் முன் வைத்தாள்.

"இது துளசி. இது புதினா."

குரலில் தயக்கமே இல்லை. கடைக்காரம்மா திறந்து மோந்தாள், தலையை ஆட்டினாள். கசக்கிப் போட்டிருக்கிறதே என்று கேட்டதற்கு, இன்றைக்குப் பார்ப்பதற்காக என்று மூக்கண்ணி சொன்னாள். ஒரு நாள் மூடி வைத்து, கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிகிறதா என்று பார்த்த பிறகே பொட்டலம் கட்டுவேன் என்றாள். தோல் காய்ந்தது போல இருந்தாலும் நரம்புக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். மூடி வைத்தால்தான் அது வெளியே வந்து கண்ணாடியில் காட்டிக்கொடுக்கும் என்று விளக்கினாள். பேசப் பேச அவளுக்குத் தைரியம் வந்தது. கணவர் வாசற்படியில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி" என்று கடைக்காரம்மா துணிப்பைக்குள் கையை விட்டாள். ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது வேற ஒருத்தர் கொடுத்தது. வாங்கலாமா, வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

மூக்கண்ணி பாட்டிலை எடுத்தாள். குலுக்கினாள். சலசலவென்ற சத்தம், நன்றாகக் காய்ந்த இலையின் சத்தம். வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை மங்கவில்லை, கண்ணாடியில் ஆவி இல்லை. மூடியைத் திறந்து மூக்கின் கீழ் வைத்து நீளமாக இழுத்தாள், எல்லோரும் பார்க்கும்படியாக. ஒரு இலையை எடுத்து மடக்கினாள். டப்பென்று முறிந்தது. முறிந்த துண்டை இயல்பாகச் செய்வது போல வாயில் போட்டுக்கொண்டு, உதட்டைக் குவித்துக் காற்றை இழுத்தாள். ஜில்லென்றது.

"புதினா. நல்லாக் காஞ்சிருக்கு. தண்டு கலக்கல. தாராளமா வாங்கலாம்."

கடைக்காரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "வாங்கலாம்ங்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வாங்கலாம்."

அந்த நேரம் சின்னவள் தண்ணீரும் டீயும் வைத்த தட்டோடு வந்தாள். மேஜையில் வைப்பதற்காகக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள். அவள் முகம் திறந்திருந்த பாட்டிலுக்கு நேராக இருந்தது. மூக்கண்ணியைப் பார்த்தாள். மூக்கண்ணியின் முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை என்பதைப் பார்த்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"அக்கா, நீங்க எப்பவும் சொல்வீங்களே" என்று ஆரம்பித்தாள், எதையோ நினைவுபடுத்துகிறவள் போல. "காஞ்ச இலையை சோப்பு பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு. இது அதுதானே?"

மூக்கண்ணி சட்டென்று பாட்டிலைப் பார்த்தாள்.

காய்ந்த இலை தாகம் பிடித்தது. தண்ணீர் போன இடமெல்லாம் காலியாகிவிடுவதால், பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். சோப்பு, காப்பித்தூள், கற்பூரம், எதுவானாலும் சரி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இருக்காது. முறிகிற சத்தம் மாறாது, நிறம் மாறாது, நாக்கில் குளிர்வது மாறாது. கண்ணும் காதும் கையும் நாக்கும் சேர்ந்து தேடினாலும் கிடைக்காத குறை அது ஒன்றுதான். இதை இந்த வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் மூக்கண்ணியேதான்.

"ஆமா. சோப்புதான்" என்றாள் கடைக்காரம்மா. "எனக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பார்க்கத்தான் கொண்டுவந்தேன்." பாட்டிலை மூடினாள். "மூடியைத் திறந்ததும் அடிக்குது. நீங்க அவ்வளவு நேரம் மோந்தீங்க."

சின்னவள் அவசரமாக, அக்காவுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம் என்றாள். மூக்கண்ணி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"ஜலதோஷம் இல்லம்மா." கடைக்காரம்மாவைப் பார்த்து, "காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனை வரல. எதுவுமே வரல" என்றாள்.

வாசற்படியிலிருந்து கணவர் பேசினார்.

"அதனாலதானா?"

மூக்கண்ணி திரும்பினாள்.

"வேலை முடிஞ்சு வந்து நின்னா, கிரீஸ் நாத்தம், முதல்ல குளிங்கன்னு விரட்டுவ. இப்பல்லாம் ஒண்ணுமே சொல்றதில்ல. என் மேல ஏதோ கோபம், பேசப் பிடிக்கலன்னு நினைச்சேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு, கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சுட்டிருந்தேன்."

யாருக்கும் சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. மூக்கண்ணிக்கு அவர் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், நொறுக்கிப் போட்ட இலைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

கடைக்காரம்மா கெட்டவள் இல்லை. தனக்குத் தெரிந்த ஒருவருக்கும் இப்படித்தான் போய், தானாகவே திரும்பியது என்றாள். எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாது, ஆனால் டாக்டரிடம் போங்கள் என்றாள். உங்கள் இலையை நான் எப்போதும் வாங்கிக்கொள்கிறேன், அதில் மாற்றமில்லை என்றாள். ஆனால் கடை திறக்கும் தேதி குறித்தாகிவிட்டது. தினமும் வந்து இறங்கும் இலையை யாராவது மோந்து பார்த்தாக வேண்டும். அதற்குக் காத்திருக்க முடியாது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் கிளம்பவில்லை. சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க குனிஞ்சதுமே கண்டுபிடிச்சிட்டீங்க. இப்ப எங்கயாவது வேலைக்குப் போறீங்களா?"

"இல்ல."

"எங்கிட்ட வர்றீங்களா?"

சின்னவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் மூக்கண்ணியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். முடியாது என்று அவள் சொல்லவில்லை. எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

"திங்கட்கிழமை சொல்லுங்க போதும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரம்மா போனாள்.

வயர்மேன் கருவிகளைப் பெட்டிக்குள் போட்டான். மேஜை அருகே வந்து, "அண்ணி, டீ ஆறிப்போச்சு, வேற போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டான். வெறும் அண்ணி. அவன் அன்பாகத்தான் கேட்டான். அந்தப் பெயரைப் பாதியாக வெட்டியதும் அன்பால்தான். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது.

ஆண்கள் இருவரும் வெளியே போய்விட்டார்கள். மூக்கண்ணி மேஜையில் இரண்டு ஜாடிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஓமவல்லி ஜாடி ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்த ஜாடியில் அதற்கு முன் துளசிதான் இருந்தது. கழுவாமல், வெறுமே தட்டிவிட்டு ஓமவல்லியைப் போட்டிருந்தாள். தனக்கு எட்டாத அளவு லேசான வாசனை அது. சின்னவளுக்கு எட்டியிருக்கிறது. அதற்குத்தான் ஒரு வாரம் சிரித்தார்கள்.

சின்னவள் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். கையில் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த ஒட்டுச்சீட்டுக் கட்டும் ஒரு பேனாவும் இருந்தன. எதிரில் உட்கார்ந்து, ஒரு சீட்டில் 'புதினா' என்று எழுதினாள். இரண்டாவது ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். மோந்து பார்க்கவில்லை. சீட்டை ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் நின்றாள்.

மூக்கண்ணி ஜாடி நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கோணலா ஒட்டாத" என்றாள்.

சின்னவள் ஒட்டினாள்.

"அந்த ஓமவல்லி ஜாடி. நீ சொன்னது சரிதான்."

"தெரியும்க்கா."

மூக்கண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே முதல் தூறல் விழுந்தது. பின்கட்டில் உலர்த்தும் அலமாரியின் கதவு திறந்து கிடப்பது இருவருக்கும் தெரியும். இருவரும் எழுந்திருக்கவில்லை.

"திங்கட்கிழமை என்ன சொல்லப்போற?"

சீட்டு எப்போதோ ஒட்டிவிட்டது. சின்னவளின் கட்டைவிரல் மட்டும் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.